நடக்காத ஒன்றுக்கு வவுச்சர் கிடையாது

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு செமினார் இருந்தது. ஆளுக்கொரு அரசாங்கத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு திரும்ப வந்தது என்று கணக்குப் பார்த்துப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் மேம்பாலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மீதிப் பேர் மெட்ரோ ரயில். நான் வழக்கம்போலக் கடைசி நாளில் விழித்துக்கொண்டு 'ரிடர்ன் ஆன் இன்வெஸ்ட்மெண்ட்' என்று தட்டித் தேடினேன். வந்து விழுந்தவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவில் 2009-ல் வந்த ஓர் அறிக்கை. தலைப்பிலேயே அந்த மூன்று வார்த்தை இருந்தது. துறைமுகமோ ரயில்வேயோ ஏதோ ஒன்று என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே இருந்தது ஊசி!

ஆமாம், ஊசிதான். போதை மருந்தை நரம்பில் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அரசாங்கச் செலவில் புது ஊசியும் சிரிஞ்சும் கொடுக்கிறார்கள். அதில் போட்ட முதலுக்கு என்ன வரவு என்று பக்கம் பக்கமாகக் கணக்கு.

படித்தவுடன் எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். 'இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா? ஊர்க்காசில் ஊசி வாங்கிக் கொடுத்தால் எவன் திருந்துவான்?' இதுதான் தோன்றியது. ஆனால் மறுநாள் பெயர் கொடுத்தாக வேண்டும். வேறு தலைப்பும் கையில் இல்லை. அதனால் மேலே படித்தேன்.

எண்கள் இவை. 2000 முதல் 2009 வரை பத்து வருடத்தில் செலவு 24 கோடியே 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். அந்த ஊசிகளால் தடுக்கப்பட்டதாக அவர்கள் மதிப்பிடுவது 32,050 எச்.ஐ.வி. தொற்றுகள், 96,667 ஹெபடைட்டிஸ் சி தொற்றுகள். அத்தனை பேருக்கும் ஆகியிருக்க வேண்டிய வைத்தியச் செலவில் மிச்சம் 128 கோடி டாலர். போட்டதைக் கழித்த பிறகும் 100 கோடிக்கு மேல் நிற்கிறது. அதாவது 1 டாலர் போட்டால் 4 டாலருக்கு மேல் வரவு. நோயில் விழுந்தவர்கள் வேலைக்குப் போக முடியாமல் இழக்கிற சம்பாத்தியத்தையும் சேர்த்தால் அது 27 டாலராம்.

கால்குலேட்டரை எடுத்து நானும் ஒரு கணக்குப் போட்டேன். மொத்தச் செலவையும் எச்.ஐ.வி. தலையிலேயே கட்டினாலும், ஒரு தொற்றைத் தடுக்க ஆனது சுமார் 7,600 டாலர். அந்த நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். 7,600 டாலர் எந்த மூலைக்கு? எங்கள் மேம்பாலக்காரர்கள் யாராலும் இப்படி ஒரு ரேஷியோவைக் காட்ட முடியாது :-)

சரி, இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது என்று தேடப் போனேன். அங்கேதான் அலெக்ஸ் வோடக் என்ற டாக்டர் வந்து சேர்ந்தார். சிட்னியில் செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் மது, போதைச் சிகிச்சைப் பிரிவுக்கு 1982 முதல் 2012 வரை முப்பது வருடம் தலைவராக இருந்தவர்.

அவர் பதவிக்கு வந்த காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எய்ட்ஸ் அப்போதுதான் உலகத்தை மிரட்ட ஆரம்பித்திருந்தது. ஒருவர் போட்டுக்கொண்ட ஊசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தால் போதும், அதே ஊசியைப் போடும் அடுத்தவருக்குக் கிருமி போய்விடும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தில் போலீஸ் கெடுபிடியால் சிரிஞ்சு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. அதனால் போதையை விட்டார்களா என்றால் இல்லை. ஒரே ஊசியைப் பலரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 1986-ல் அங்கே ஹெராயின் பழக்கமுள்ளவர்களைப் பரிசோதித்த ஒரு ஆய்வில் 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாதிக்குப் பாதி!

ஆஸ்திரேலியாவில் அரசியல் தலைமைக்கு இந்த விஷயம் வீட்டு விஷயமாகவும் இருந்தது. 1984-ல் பிரதமர் பாப் ஹாக், தன் மகளுக்கு இருந்த ஹெராயின் பழக்கத்தை நினைத்துத் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னாலேயே அழுதுவிட்டார். 1985-ல் பிரதமரும் மாநில முதல்வர்களும் கூடி, போதையால் வரும் தீங்கைக் குறைப்பதுதான் நம் குறிக்கோள் என்று கொள்கை வகுத்தார்கள். கவனியுங்கள், 'போதையை ஒழிப்பது' என்று சொல்லவில்லை, 'தீங்கைக் குறைப்பது' என்றார்கள். ஆங்கிலத்தில் இதைத்தான் ஹார்ம் ரிடக்ஷன், ஹார்ம் மினிமைசேஷன் என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் பேப்பரில் எழுதுவது வேறு, ஊசியைக் கையில் கொடுப்பது வேறு இல்லையா? போதைக்கு என்று தெரிந்தே ஊசி கொடுப்பது சிட்னியில் அப்போதும் சட்டப்படி குற்றம்தான்.

வோடக் முதலில் முறைப்படிதான் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. 1986 நவம்பரில் அவரும் கூட வேலை பார்த்தவர்களும் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில் ஊசி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சட்டத்தை மீறுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்கள். பழைய ஊசியைக் கொண்டுவந்தால் புது ஊசி. அப்படித் திரும்பி வந்த பழைய ஊசிகளில் மிச்சமிருந்த ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் எச்.ஐ.வி. இருந்தது. கிருமி ஊருக்குள் வந்துவிட்டது என்று அரசாங்கத்திடம் காட்ட அதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் வவுச்சர் இல்லாமல் ஒரு என்ட்ரியும் செல்லாது என்று சொல்வார்கள். அந்த மனிதர் பழைய ஊசிகளையே வவுச்சராகச் சேர்த்திருக்கிறார்.

1987-ல் மாநில அரசு ஊசித் திட்டத்தைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் ஊசி போடுகிறவர்களிடையே எச்.ஐ.வி. 1, 2 சதவீதத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. 80-களில் நியூயார்க்கில் அது கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் இருந்தது. ஹெபடைட்டிஸ் சி-யை மட்டும் இந்த அளவுக்கு அடக்க முடியவில்லை. அந்தக் கிருமி ரத்தம் வழியாக எச்.ஐ.வி.யைவிட வேகமாகப் பரவும், தவிர ஊசித் திட்டம் வருவதற்கு முன்பே பரவியும் இருந்தது. ஊசி சர்வரோக நிவாரணி இல்லை.

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். ஊசி கொடுத்தால் போதை கூடாதா? எங்கள் பாடத்தில் இதற்குப் பேரே உண்டு, மாரல் ஹசார்ட். இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் வண்டியைக் கண்டபடி ஓட்டுகிற கதை. நியாயமான சந்தேகம்தான். ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், ஊகித்துச் சொல்ல வேண்டியது அல்ல. 1997-ல் லான்செட் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. உலகம் முழுக்க 81 நகரங்கள். ஊசித் திட்டம் இல்லாத 52 நகரங்களில் எச்.ஐ.வி. வருடத்துக்குச் சராசரி 5.9 சதவீதம் ஏறியது. திட்டம் இருந்த 29 நகரங்களில் 5.8 சதவீதம் இறங்கியது. 2004-ல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வோடக்கும் இன்னொருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். ஊசித் திட்டம் எச்.ஐ.வி.யைக் குறைக்கிறது, அதனால் புதிதாக யாரும் போதைக்கு வருவதாகவோ, இருப்பவர்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்வதாகவோ நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். யோசித்தால் எளிது. ஊசி இலவசம் என்பதற்காக யாரும் ஹெராயின் போட ஆரம்பிப்பதில்லை. குளுக்கோஸ் பாட்டில் சும்மா கிடைக்கிறது என்று நாம் காய்ச்சலை வரவழைத்துக்கொள்கிறோமா?

அதோடு நிற்கவில்லை அவர்கள். 1999-ல் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஒரு சர்ச்சுக்குள்ளேயே, நர்ஸ், டாக்டர் கண்பார்வையில் ஊசி போட்டுக்கொள்ள ஓர் அறை திறந்தார்கள். அளவு மீறி மூச்சு நின்றால் உடனே காப்பாற்றலாம் என்பதுதான் யோசனை. இதுவும் சட்டத்துக்கு வெளியேதான், இதிலும் வோடக்குக்குப் பங்கு உண்டு. போலீஸ் வந்து மூடியது. ஆனால் அதே வருடம் மாநில அரசு கூட்டிய மாநாட்டில் இதைச் சட்டப்படி சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது. நடத்துவதற்கு முன்வந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் சபையை வாடிகன் தடுத்துவிட்டது. பிறகு யூனைட்டிங் சர்ச் பொறுப்பெடுத்து 2001 மே மாதம் திறந்தது. திறக்கவே கூடாது என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் யார் தெரியுமா? அந்த ஏரியா வர்த்தக சபை. நம்ம ஆட்கள்! கேஸ் தோற்றது. பிற்பாடு எடுத்த கருத்துக்கணிப்புகளில் அங்கே கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆதரவு என்றே சொல்லியிருக்கிறார்கள். இதுவரை அந்த அறையில் 10 லட்சத்துக்கும் மேல் ஊசி போடப்பட்டிருக்கிறது. 10,000-க்கும் மேற்பட்ட தடவை அளவு மீறி ஆபத்து வந்திருக்கிறது. செத்தவர் ஒருவர்கூட இல்லை.

(நம் நாட்டில் இதெல்லாம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2007-ல் தொடங்கிய மூன்றாம் கட்டத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே ஊசி மாற்றிக் கொடுப்பதும், ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கிற ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரையும் உண்டு. எனக்கும் இப்போதுதான் தெரியும்.)

வோடக் சொல்கிற எல்லாமே எனக்கு ஒப்புதல் என்று சொல்லமாட்டேன். போதைத் தடைச் சட்டங்களையே மாற்ற வேண்டும் என்று பல வருடமாகப் பேசுகிறவர் அவர். அவ்வளவு தூரம் போக எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஊசி விஷயத்தில் மட்டும் அவர் கணக்கு எனக்கு டேலி ஆகிவிட்டது.

செமினார் நாள் வந்தது. எண்களை எல்லாம் போர்டில் எழுதினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் பின் பெஞ்சு நண்பன் ஒருவன் எழுந்து கேட்டான்:

"எல்லாம் சரிடா. அவனாத்தானே போய் ஊசி போட்டுக்கிட்டான்? செத்தா சாகட்டுமே. பட்டாத்தானே புத்தி வரும்?"

வகுப்பே சிரித்தது. நான் மறுபடி 1 டாலர், 4 டாலர் என்று ஏதோ உளறி உட்கார்ந்துவிட்டேன். அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அந்தக் குரலை எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்ததுதான் சங்கடம். ஐந்து வருடத்துக்கு முன்னால் அது என் குரல்.

அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அதனால் நானும் அம்மாவும் இருந்தது திருமங்கலத்தில் அம்மாச்சி வீட்டில். மாமாவும் அங்கேதான். மாமா குடிப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் குடிப்பார். போதை ஊசியும் சாராயமும் ஒன்றா என்று கேட்காதீர்கள். வீட்டில் நடந்தது ஒன்றுதான்.

அம்மாச்சி அவரைத் திருத்த முயன்று ஓய்ந்து போனவர். கோயில், மந்திரித்த கயிறு, சத்தியம் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார். சாயங்காலம் ஆறு மணிக்கே சோறு போட்டுவிடுவார். "வெறும் வயித்துல ஊத்தாதடா, தின்னுட்டுப் போ" என்பார். வண்டிச் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவார். சம்பளத்தை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு தினமும் இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார், கண்டவனிடம் கடன் வாங்கிச் சண்டை வரக்கூடாது என்று. ராத்திரி வாசல் கதவை வெறுமனே சாத்தி வைப்பார். தாழ்ப்பாள் போடமாட்டார். கதவை ஒட்டிக் கோரைப்பாயும் ஒரு சொம்புத் தண்ணியும் இருக்கும்.

தெருவே ஏசும். "பெத்த தாயே குடிக்கக் காசு குடுக்குற கூத்த எங்க பாத்தோம்?" என்பார்கள். அம்மாவுக்கும் தாங்காது. "நீதாம்மா அவனக் கெடுக்குற" என்று தினமும் சண்டை. அம்மாச்சிக்கு ஒரே பதில்தான். "உசுரோட இருந்தாத்தானடி திருந்துவான்."

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மாச்சி திண்டுக்கல்லில் பெரியம்மா வீட்டுக்கு, அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தார். மறுநாள் எனக்குப் பரீட்சை. மாமா வந்தால் பாயில் படுத்துக்கொண்டு பழைய கதை எல்லாம் பேசுவார், தூங்க விடமாட்டார். அது ஒரு காரணம். ஒரு நாள் வெளியே கிடந்தால்தான் புத்தி வரும் என்று நினைத்தது இன்னொரு காரணம். அம்மா படுத்த பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

பதினோரு மணி இருக்கும். கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. இரண்டு தடவை. தட்டவில்லை, கத்தவில்லை. என் பரீட்சை அவருக்குத் தெரியும். பிறகு செருப்புச் சத்தம் தெருமுனைப் பக்கம் போனது. நான் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

விடிகாலையில் பால்காரர்தான் வந்து சொன்னார். தெருமுனைச் சாக்கடையில் விழுந்து கிடந்தார் மாமா. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மதுரையில் ஆபரேஷன், பிளேட். எட்டு மாதம் படுக்கை. இன்றைக்கும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அம்மாச்சி அன்றைக்கே திண்டுக்கல்லிலிருந்து வந்துவிட்டார். அழவில்லை. "கதவத் தாப்பா போட்டது யாரு?" என்று மட்டும் கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, "நாந்தான் பழக்க தோஷத்துல போட்டுட்டேன் போலம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுவதுகூட அம்மாச்சி கம்ப்யூட்டர் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில்தான்.

மாமாவுக்குப் புத்தி வந்ததா? படுக்கையில் இருந்த எட்டு மாதம் குடிக்கவில்லை, குடிக்க முடியவில்லை. எழுந்து நடந்ததும் முதலில் போனது கடைக்குத்தான். பட்டதில் மிஞ்சியது வலி மட்டும்தான். பிறகு இரண்டு வருடம் கழித்து அவராகவே ஒரு நாள் அம்மாச்சியிடம், "டாக்டர்கிட்டப் போலாமாம்மா?" என்று கேட்டாராம். இப்போதும் சுத்தமாக விட்டுவிடவில்லை. இரண்டு மாதம் நன்றாக இருப்பார், ஒரு வாரம் போய்விடுவார். ஆனால் கேட்பதற்கு ஆள் உயிரோடு இருந்தார், போய்ச் சொல்வதற்கு ஒரு வாசலும் இருந்தது.

அந்த ராத்திரிக்கு எங்கள் வீட்டில் ரசீது இருக்கிறது. ஆம்புலன்ஸ், மருந்து, வட்டிக்கு வாங்கிய பணம், எல்லாவற்றுக்கும் பேப்பர் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் கதவு திறந்திருந்த ராத்திரிகள்? பத்து வருடம் என்று வைத்தாலும் 3,650. அந்த ராத்திரிகளில் எல்லாம் மாமா சாக்கடையில் விழவில்லை, வண்டியில் அடிபடவில்லை. பாயில் படுத்துக் காலையில் எழுந்து வேலைக்குப் போனார். அதற்கு ஒரு துண்டுப் பேப்பரும் இல்லை. அம்மாச்சிக்கு அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொன்னவரும் இல்லை. ஏச்சுதான்.

அந்த அறிக்கையில் இருக்கும் 32,050-ம் அப்படித்தான். நோய் வராத அந்த 32,050 பேரில் ஒருவருக்குக்கூட, தான்தான் அந்த ஒருவர் என்று தெரியாது. யாரும் வந்து நன்றி சொல்லப் போவதில்லை. பூங்காவில் ஒரு பழைய ஊசி கிடந்தால் மட்டும் பேப்பரில் போட்டோ வரும். செலவு கண்ணுக்குத் தெரியும், வரவு தெரியாது. வோடக் போன்ற ஆராய்ச்சியாளர்கள் செய்த பெரிய வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். நடக்காமல் போனதை எண்ணிக் காட்டினார்கள். ஆனால் அந்த எண்கள் வருவதற்கு முன்பே, 1986-ல், கணக்கு டேலி ஆகுமா ஆகாதா என்று தெரியாமலே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அம்மாச்சியும் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை.

என் நண்பனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இப்போதும் என்னிடம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. 'பட்டாத்தான் புத்தி வரும்' என்று நான் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டேனடா, வராது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். தாழ்ப்பாள் விஷயத்தை அம்மாச்சியிடம் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் அம்மாவிடமாவது. பழியை அவர்தானே இத்தனை வருடம் சுமக்கிறார். சொல்லிவிட்டால் எழுதுகிறேன்.

பி.கு.: செமினாருக்கு எனக்கு 15-க்கு 11. மேம்பாலத்துக்கு 13.